கொள்வதும் விடுவதும்

வீடு என்றால் அது ஓரிடத்தில் நிலையாக நிற்க வேண்டும் என்பது உலகத்தாரின் பொதுவான எண்ணம். அடித்தளம், சுவர், கூரை, வாசல் என்று அது மண்ணோடு பிணைந்து கிடக்கிறது. அவ்வாறு நிற்கும் வீட்டிற்கு ஓர் இயல்பு உண்டு. அது பொருள்களைச் சேர்த்துக்கொண்டே போகும். காது உடைந்த கோப்பை, ஓட மறந்த கடிகாரம், பிள்ளைகள் படித்து முடித்த பாடநூல், திருமணத்திற்கு யாரோ பரிசாகத் தந்து ஒருமுறைகூடப் பயன்படாத தட்டு ஆகிய யாவும் அலமாரியின் மேல்தட்டிலும் கட்டிலின் அடியிலும் இடம் தேடிக்கொள்கின்றன. வீடு அவற்றைக் குறித்து முணுமுணுப்பதில்லை. சுவர் சுமையை உணர்வதில்லை. ஆகவே சுவருக்குள் வாழ்பவரும் அதனை உணர்வதில்லை.

சக்கரத்தின்மேல் அமைந்த வீட்டின் இயல்பு முற்றிலும் வேறு. அது நகர வேண்டிய வீடு. அதனுள் வைக்கப்படும் ஒவ்வொரு பொருளையும் யாரேனும் அல்லது ஏதேனும் இழுத்துச் செல்ல வேண்டும். முற்காலத்தில் எருது இழுத்தது. இக்காலத்தில் எந்திரம் இழுக்கிறது. இழுப்பது எதுவாயினும், சுமைக்கு ஒரு விலை உண்டு என்பதை அந்த வீடு நாள்தோறும் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

அமெரிக்க நாட்டில் இத்தகைய வீடுகளைப் பலவகையாகக் காணலாம். பேருந்தைப் போல் நீண்ட மோட்டார் வீடு ஒருவகை. சரக்குந்தின் பின்னே கோத்து இழுத்துச் செல்லப்படும் டிரெய்லர் மற்றொரு வகை. ஒருவர் படுத்து எழுவதற்கு மட்டும் இடமுள்ள சிறிய வேன் இன்னொரு வகை. ஆண்டு முழுவதும் இவற்றிலேயே குடியிருப்போர் பலர். பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் நாட்டைச் சுற்றிப் பார்க்கும் ஆவலால் சாலைக்கு வந்தவர்கள் உண்டு. 2008 ஆம் ஆண்டில் நேர்ந்த நிதி நெருக்கடியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்து, வேறு புகலின்றிச் சாலைக்கு வந்தவர்களும் உண்டு. 2017 ஆம் ஆண்டில் ஜெசிக்கா புரூடர் வெளியிட்ட ‘நோமட்லேண்ட்’ என்னும் நூல் இப்பின்னவர்களின் வாழ்வையே எடுத்துரைத்தது.

இவர்கள் பொருள்களோடு இருமுறை போராட நேர்கிறது. நிலையான வீட்டை விட்டுப் பெரிய சக்கர வீட்டிற்குக் குடிபெயர்வது முதற் போராட்டம். ஆண்டுகள் சில கழிந்து, அந்தப் பெரிய வாகனத்தை விட்டுச் சிறிய வாகனத்திற்கு மாறுவது இரண்டாம் போராட்டம். முதுமையில் பெரிய வண்டியை ஓட்டக் கைகள் தயங்கலாம். எரிபொருளின் விலை ஏறலாம். இருவராய்ப் பயணம் செய்தவர் ஒருவராய் ஆகலாம். காரணம் எதுவாயினும், ஒரு நாள் காலையில் இரு வண்டிகளும் வாசலுக்கு வாசல் எதிராக நிறுத்தப்படுகின்றன. ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்து, இதிலிருந்து அதற்குக் கொண்டு செல்ல வேண்டும். அல்லது இரண்டுக்கும் நடுவே தரையில் வைத்துவிட வேண்டும்.

இரண்டாம் போராட்டமே கொடியது. முதல் மாற்றத்தின்போது மிகையான பொருள்கள் போய்விட்டன. மிகையைத் துறப்பது எளிது. அதில் ஒருவகை மகிழ்ச்சியும் உண்டு. இரண்டாம் மாற்றத்தின்போது மிகை என்று சொல்லத்தக்கது எதுவும் எஞ்சியிருப்பதில்லை. ஏற்கெனவே ஒருமுறை சலித்தெடுத்துத் தேவையென்று தேறியவற்றையே மீண்டும் சலிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு வாணலிகளில் எது? இரண்டு கம்பளிகளில் எது? மறைந்த கணவரின் கருவிப்பெட்டியா, தாய் விட்டுச்சென்ற தையல் எந்திரமா? இத்தகைய கேள்விகளுக்கு எந்தப் பாடநூலிலும் விடையில்லை.

எனினும், எடை என்னும் நடுவர் ஒருவர் இருக்கிறார். இவ்வகை வாகனங்களில் ஓர் அறிவிப்புச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். வண்டி எவ்வளவு சுமையைத் தாங்கும் என்னும் வரம்பு அதில் அச்சிடப்பட்டிருக்கும். கைக்கு எளிதாய்த் தோன்றும் பொருள்கள் ஒன்றுசேரும்போது அந்த வரம்பை விரைவில் எட்டிவிடுகின்றன. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோகிராம். 200 லிட்டர் கொள்ளும் தொட்டியை நிரப்பினால் 200 கிலோகிராம் ஏறிவிடுகிறது. வரம்பு மீறினால் சக்கரத்தின் உறைகள் சூடேறி வெடிக்கும்; தடையை மிதித்தாலும் வண்டி உரிய தொலைவில் நிற்காது; அச்சு தளரும். அதனால், அனுபவம் மிக்கவர்கள் புறப்படுமுன் சரக்குந்துகளை நிறுக்கும் எடைமேடைக்கு வண்டியைக் கொண்டுசென்று நிறுத்துப் பார்க்கின்றனர். அந்த மேடை யாருடைய கண்ணீருக்கும் இரங்குவதில்லை. பாட்டியின் பீங்கான் தட்டும் பழைய இரும்புத் துண்டும் அதற்கு ஒன்றே.

நூல்களை நேசிப்பவர்களுக்கு இந்த நடுவரின் தீர்ப்பு மிகவும் கசப்பானது. தாளைப் போல் ஏமாற்றும் பொருள் வேறில்லை. ஒற்றைத் தாள் காற்றில் பறக்கிறது. தாள்கள் கூடி நூலாகி, நூல்கள் கூடிப் பெட்டியாகும்போது ஆளையே அசைக்கிறது. எழுத்தாளர் ஜான் ஸ்டெய்ன்பெக் 1960 ஆம் ஆண்டில் தம் நாட்டைச் சுற்றிவரப் புறப்பட்டார். சரக்குந்து ஒன்றின்மேல் சிறு வீடு ஒன்றைப் பொருத்தி, அதற்கு ‘ரோசினான்டே’ என்று டான் குவிக்சோட்டின் குதிரையின் பெயரைச் சூட்டினார். சார்லி என்னும் நாயைத் துணையாகக் கொண்டார். அப்பயணத்தை விவரிக்கும் நூல் 1962 இல் வெளிவந்தது; அவர் நோபல் பரிசு பெற்றதும் அதே ஆண்டில்தான். அந்தச் சிறு வீட்டில் அவர் ஏற்றிய பொருள்களுள் ஏறத்தாழ 150 பவுண்டு, அதாவது 68 கிலோகிராம், நூல்களும் அடங்கும். அவை அவர் விரும்பிப் பலமுறை படித்தவை அல்ல. படிக்க வேண்டும் என்று எண்ணி நெடுநாளாகப் படிக்காமல் விட்டவை. அத்தகைய நூல்கள் என்றுமே படிக்கப்படுவதில்லை என்பதை அவரே நகைச்சுவையோடு ஒப்புக்கொள்கிறார்.

இதில் மனித மனத்தின் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. பயணம் புறப்படுபவர் தமக்காக மட்டும் மூட்டை கட்டுவதில்லை. நாளை தாம் ஆகப்போவதாகக் கனவு காணும் ஒருவருக்காகவும் கட்டுகிறார். நேற்றுத் தாம் வாழ்ந்த வாழ்வுக்காகவும் கட்டுகிறார். படிக்கப்படாத நூல் நாளைய மனிதருக்கு உரியது. விருந்தினர் பன்னிருவர் உண்ணத்தக்க தட்டுகள் நேற்றைய மனிதருக்கு உரியவை. இன்று சாலையில் செல்பவரோ இந்த இருவருடைய சுமையையும் தாமே சேர்த்து இழுக்கிறார்.

சக்கர வீட்டின் வரலாற்றில் இவ்வுண்மையை மிகக் கடுமையான முறையில் கற்பித்த காலம் ஒன்று உண்டு. 1840 ஆம் ஆண்டுகளில் அமெரிக்க மக்கள் பலர் மிசூரி மாநிலத்தின் இண்டிபென்டன்ஸ் போன்ற ஊர்களிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 2,000 மைல் கடந்து, ஓரிகனையும் கலிபோர்னியாவையும் நாடிச் சென்றனர். மரச்சட்டத்தின்மேல் வளைவுகளை நட்டு, கித்தான் துணி போர்த்திய வண்டிகளே அவர்களுக்கு நான்கு முதல் ஆறு மாதங்கள்வரை வீடாயின. பெரும்பாலான வண்டிகளின் உட்புறம் ஏறத்தாழ 10 அடி நீளமும் 4 அடி அகலமும் உடையது. ஒரு குடும்பத்தின் முழு வாழ்வும் அதற்குள் அடங்க வேண்டும்.

அவ்வழிப் பயணிகளுக்கென லான்ஸ்போர்ட் ஹேஸ்டிங்ஸ் என்பவர் 1845 இல் ஒரு கையேட்டை வெளியிட்டார். ஆள் ஒருவருக்கு மாவு 200 பவுண்டு, உப்பிட்ட பன்றியிறைச்சி 150 பவுண்டு, காப்பி 10 பவுண்டு, சர்க்கரை 20 பவுண்டு, உப்பு 10 பவுண்டு வேண்டும் என்று அதில் கணக்கிட்டுக் காட்டினார். கூட்டிப் பார்த்தால் 390 பவுண்டு ஆகிறது. நால்வர் என்றால் 1,560 பவுண்டு, அதாவது 700 கிலோகிராமுக்கும் மேல். உணவு ஒன்றே இவ்வளவு. இதன் பிறகு கருவிகளுக்கும் படுக்கைக்கும் எஞ்சும் இடம் மிகச் சிறிது. ஆயினும் மக்கள் இரும்பு அடுப்பையும் செதுக்குவேலை செய்த மேசையையும் கனத்த பெட்டிகளையும் ஏற்றினர். எருதுகள் மெலிந்தன. மெலிந்தபோது வழியோரம் நிறைந்தது. தங்கம் தேடி ஆயிரக்கணக்கானோர் விரைந்த 1849 ஆம் ஆண்டில் லாரமி கோட்டையின் சுற்றுப்புறத்தில் அடுப்புகளும் பட்டறைக்கற்களும் இறைச்சிக் குவியல்களும் கேட்பாரற்றுக் கிடந்தன.

வழியறிந்தவர்களின் பழக்கம் வேறாக இருந்தது. அழகுப் பொருளை விட்டாலும் அவர்கள் மாற்று அச்சை விடவில்லை. வண்டியின் அடியில் அதைக் கட்டித் தொங்கவிட்டனர். தமிழ் படித்தவர்க்கு இச்செய்தி புதிதன்று. மனைவி மக்களோடு வண்டியிலேயே நெடுவழி சென்ற உமணர்கள், உப்பேற்றிய சகடத்தின் அடியில் சேம அச்சைக் கட்டிச் சென்றதைப் புறநானூற்றின் 102 ஆம் பாடலில் ஔவையார் உவமையாக அமைத்திருக்கிறார். கடலும் காலமும் பிரித்த இருவேறு மக்களுக்குச் சாலை ஒரே பாடத்தைத்தான் கற்பித்தது போலும்.

அப்பாடத்தைக் கல்லாமல் புறப்பட்டது ஒரு குடும்பம். 1846 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்டிலிருந்து ஜேம்ஸ் ரீட் என்பவர் மூன்று வண்டிகளோடு கிளம்பினார். அவர் செல்வர். குடும்பம் குடியிருந்த வண்டி அக்காலத்தில் யாரும் காணாத வகையில் அமைந்தது. பிற்காலத்தில் அவருடைய மூத்த மகள் வர்ஜீனியா தம் நினைவுக் கட்டுரையில் அதனை ‘முன்னோடி அரண்மனை வண்டி’ என்னும் பொருள்படக் குறிப்பிட்டார். பக்கவாட்டில் நுழைவாயில், வில்வைத்த இருக்கைகள், குளிர்காயச் சிறிய அடுப்பு, சக்கரங்களுக்கு மேலே பலகை பரப்பி அமைத்த படுக்கை மாடம் ஆகியவை அதில் இருந்தன. புதிய நாட்டில் நூல்கள் கிடைப்பது அரிது என்று கருதி, நல்ல நூல்களின் தொகுதி ஒன்றையும் ஏற்றினர். தாய் மார்கரெட் தம் அழகைப் பேண மறந்துவிடக் கூடாது என்று தோழியர் விரும்பினராம். அதற்காக வாயிலுக்கு எதிரே பெரிய நிலைக்கண்ணாடி ஒன்று தொங்கியது.

இதனை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. மார்கரெட்டின் தாய் சாரா கீஸ் எழுபது வயதை அடைந்தவர், நோயாளி. மகளைப் பிரிந்திருக்க மனமில்லாமல் உடன் வந்தார். அம்மூதாட்டியின் உடல் நோகாதிருக்க வேண்டும் என்னும் அன்பும் அந்த வண்டியின் அமைப்பில் கலந்திருந்தது. ஆனால், புறப்பட்ட ஏழாம் வாரத்திலேயே, மே 29 ஆம் நாள், இன்றைய கான்சஸ் மாநிலத்தில் அவர் காலமானார். ஓக் மரத்தடியில் அவரை அடக்கம் செய்துவிட்டுப் பயணம் தொடர்ந்தது. யாருக்காக அந்த வசதிகள் அமைந்தனவோ அவர் போய்விட்டார். வசதிகளின் எடை மட்டும் போகவில்லை. பொருள்களின் இயல்பே இதுதான். அவை வந்த காரணம் மறைந்த பின்பும் அவை இருந்துகொண்டே இருக்கின்றன.

வழியில் அக்கூட்டத்தார், கையேடு எழுதிய ஹேஸ்டிங்ஸ் பரிந்துரைத்த குறுக்குவழியை நம்பினர். மாவையும் உப்பையும் அத்துணை நுட்பமாகக் கணக்கிட்டவர், தாம் நூல் எழுதிய காலத்தில் அவ்வழியில் நடந்து பார்த்திருக்கவில்லை. மலைக்காட்டை வெட்டிப் பாதை அமைப்பதிலேயே விலைமதிப்பற்ற நாள்கள் கழிந்தன. அதன்பின் பெரிய உப்பு ஏரிக்கு மேற்கே வெண்மையான பாலைவனம் விரிந்தது. 40 மைல் என்று நம்பி இறங்கிய அப்பாலை ஏறத்தாழ 80 மைல் நீண்டது. தண்ணீரின்றித் தவித்த எருதுகள் இரவில் அறுத்துக்கொண்டு ஓடின. ரீட் குடும்பத்திற்கு ஓர் எருதும் ஒரு பசுவும் மட்டுமே மிஞ்சின.

இரவல் மாடுகளைப் பூட்டி ஒரே ஒரு வண்டியோடு செல்லும் நிலை வந்தது. பொருள்களில் பெரும்பகுதியை மணலில் புதைத்தனர். உணவைப் பிற குடும்பங்களின் வண்டிகளில் பகிர்ந்தளித்தனர். அரண்மனை வண்டி நினைவுச்சின்னம் போலப் பாலையிலேயே நின்றுவிட்டது என்றும், கைவிட்ட அந்நேரம்வரை நிலைக்கண்ணாடி உடையாமலே இருந்தது என்றும் வர்ஜீனியா எழுதினார். மலையும் ஆறும் கடந்து அதனைக் காப்பாற்றிக் கொண்டுவந்தவர்கள் எத்துணைக் கவனத்தோடு வந்திருக்க வேண்டும்! காப்பாற்றப்பட்ட கண்ணாடி பாலையின் வெறுமையைக் காட்டிக்கொண்டு நின்றது.

அதன்பின் இறக்கம் விரைவாயிற்று. அக்டோபரில் நிகழ்ந்த சச்சரவு ஒன்றில் ரீட் ஒருவரைக் கொன்றுவிட, குழுவினர் அவரை விலக்கி அனுப்பினர். அவர் முன்னே சென்று மலையைக் கடந்தார். தந்தையற்ற குடும்பம், எஞ்சிய வண்டியும் கனமானது என்று கண்டு அதனையும் கைவிட்டது. இறுதியில், தமக்கென ஒரு வண்டியும் இல்லாமல், தாயும் நான்கு பிள்ளைகளும் பிறருடைய விலங்குகளின் முதுகில் மலையடிவாரத்தை அடைந்தனர். மூன்று வண்டி ஒன்றானது. ஒன்று ஒன்றுமில்லாமல் ஆனது.

சியரா நெவாடா மலைக் கணவாயைப் பனி மூடியது. டானர் குழு என்று வரலாற்றில் பெயர்பெற்ற அக்கூட்டத்தினர் 1846–47 ஆம் ஆண்டுக் குளிர்காலம் முழுவதும் அங்கே சிக்கினர். மாட்டுத்தோலை வேகவைத்து உண்டனர். இறந்தவர் உடலை உண்ணும் நிலைக்கும் சிலர் தள்ளப்பட்டனர். 87 பேரில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். தவறான வழி, கால தாமதம், உட்பகை, முந்தி வந்த பனி எனக் காரணங்கள் பல. வண்டியின் கனம் ஒன்றின்மேல் பழியைச் சுமத்துவது நேர்மையாகாது. ஆயினும், உரிய காலத்தில் விடாத சுமையைப் பின்னர் உரிமையாளர் விடுவதில்லை, சாலையே பறித்துக்கொள்கிறது. வீட்டு வாசலில் இறக்கி வைப்பவருக்கு எதை விடுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. பாலையில் இறக்குபவருக்கு அவ்வுரிமை இல்லை.

இக்கதை இங்கே முடிந்திருந்தால், ‘எல்லாவற்றையும் துறந்துவிடு’ என்பதே அதன் பாடமாக இருந்திருக்கும். ஆனால், அக்குடும்பத்தில் மார்த்தா என்ற சிறுமி ஒருத்தி இருந்தாள். வீட்டார் அவளைப் பேட்டி என்று அழைத்தனர். புறப்பட்டபோது அவளுக்கு எட்டு வயது. 1847 பிப்ரவரியில் முதல் மீட்புக் குழு வந்தபோது தாயோடும் உடன்பிறந்தாரோடும் அவளும் புறப்பட்டாள். பனியில் நடக்க அவளுக்கும் தம்பி தாமசுக்கும் வலுவில்லை. இருவரையும் ஏரிக்கரைக் குடிசைக்கே திருப்பி அனுப்ப நேர்ந்தது. தாயிடம் விடைபெற்றபோது கலங்காமல் பேசியவள் அந்தச் சிறுமியே என்று பதிவாகியிருக்கிறது. மார்ச் முதல் நாள், விலக்கி அனுப்பப்பட்ட தந்தை இரண்டாம் மீட்புக் குழுவோடு திரும்பி வந்து பிள்ளைகளைக் கண்டார். மலையைக் கடக்கும்போது பேட்டி மரணத்தின் விளிம்புவரை சென்று மீண்டாள்.

பாதுகாப்பான இடத்தை அடைந்து, தீமூட்டி அமர்ந்த பின், அவள் தன் ஆடைக்குள்ளிருந்து சிறு பொதி ஒன்றை வெளியே எடுத்தாள். பாட்டியின் நரைமுடிக் கற்றை ஒன்று. உப்பு வைக்கும் சிறு கண்ணாடிக் கிண்ணம் ஒன்று. நான்கு அங்குல உயரமுள்ள மரப்பாவை ஒன்று. பெரியவர்கள் எல்லாவற்றையும் கைவிட்ட வழியில் இவற்றை அவள் யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருந்தாள். அந்தப் பாவை கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரிலுள்ள சட்டர் கோட்டைச் சேகரிப்பில் இடம்பெற்றது. அரண்மனை வண்டி போயிற்று, நூல்தொகுதி போயிற்று, கண்ணாடி போயிற்று. ஒரு சிறுமியின் கைக்குள் அடங்கியது தங்கியது.

அந்தப் பாவையால் வயிறு நிறையவில்லை; குளிர் தணியவில்லை. எடைமேடையில் வைத்தால் முள் அசைந்திருக்காது. ஆயினும், வீடு என்று ஒன்று இருந்தது, அங்கே பாட்டி இருந்தாள், மேசையில் உப்பு இருந்தது என்னும் நினைவை அம்மூன்று பொருள்களும் சுமந்து வந்தன. நேற்றைய வாழ்வு முழுவதையும் அரண்மனை வண்டியில் ஏற்ற முயன்றனர் பெரியவர்கள். அதே வாழ்வின் சாரத்தை ஒரு பொதியில் முடிந்துகொண்டாள் சிறுமி. பெரியவர்கள் பேரன்பால் செய்ததையே அவளும் செய்தாள். அளவு மட்டும் அறிந்து செய்தாள்.

இனி, வாசலுக்கு வாசல் எதிராக நிற்கும் அந்த இரு வண்டிகளுக்குத் திரும்பலாம். நடுவே தரையில் பொருள்கள் பரவிக் கிடக்கின்றன. நாளைய கனவுக்கான நூல்பெட்டி, நேற்றைய விருந்துக்கான தட்டுகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. சாலைக்கு இன்றியமையாத கருவியையும் மாற்றுச் சக்கரத்தையும் முதலில் ஏற்ற வேண்டும். அதில் ஐயத்திற்கு இடமில்லை. உடுக்கவும் உண்ணவும் போதுமானவற்றை அடுத்து ஏற்ற வேண்டும். மற்றவை பயன்படுத்துவோர் கைக்குப் போய்ச் சேரட்டும். பெட்டியில் முடங்கிய தையல் எந்திரம் வேறொரு வீட்டில் மீண்டும் ஓடுமாயின், அதற்கு அதைவிட நல்வாழ்வு இல்லை.

எல்லாம் முடிந்தபின், பழைய வண்டியின் கதவை மூடுமுன், ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்க்க வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் ஏதேனும் ஒன்று அங்கே எஞ்சியிருக்கும். அதன் பயன் என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புறப்படலாம். எந்த அச்சும் அதனால் முறியாது.